பிள்ளைகளின் படிப்புப் பணம்: எட்டாவது ஊதியக் குழுவுக்கு என்ன எழுதுவது?

தேவி, போளூர்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் தரைப்படையில் ஹவில்தார். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்டு பகுதியில் இப்போது இருக்கிறார். நானும் பிள்ளைகள் இருவரும் போளூர் அருகே வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரியவள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். சின்னவன் எட்டாம் வகுப்பு. கணவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

எங்கள் பகுதி முன்னாள் படைவீரர் சங்கம், மத்திய அரசு ஊழியர், படையினர் சம்பளத்தைத் திருத்தப் பரிந்துரைக்கும் எட்டாவது ஊதியக் குழுவுக்கு மனு அனுப்பப்போகிறது. கணவர் வர இயலாததால் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ராணுவச் சேவை ஊதியம், ஃபிட்மென்ட் காரணி (பழைய சம்பளத்தைப் புதியதாக்கப் பெருக்கும் எண்), ஓய்வூதியக் கணக்கு என்று நெடுநேரம் பேசினார்கள். எல்லாம் வேண்டியவைதான். பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றி மனுவில் ஏதாவது வருமா என்று எழுந்து கேட்டேன். “நீயே ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா அம்மா, சேர்த்துக்கொள்கிறோம்” என்றார் செயலாளர். மனதாரத்தான் சொன்னார். இப்போது அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

என் நிலை இதுதான். ஜூன் மாதம் பள்ளியில் பணம் கட்ட வேண்டும். கல்விப்படி அடுத்த கோடையில்தான் கைக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் என் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போனதும் அந்தக் கல்விப்படியும் நின்றுவிடும் என்கிறார்கள். அது உண்மையா? அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. என் தம்பி அக்னிவீரர்களின் முதல் அணியில் சேர்ந்தவன். நான்கு ஆண்டு முடியப்போகிறது. “வெளியே வந்தால் நான் என்ன படிப்பது அக்கா?” என்று போனில் கேட்கிறான். அவனுக்கும் பதில் வேண்டும்.

ஓய்வுபெற்ற சுபேதார், கணியம்பாடி

தங்கை தேவிக்கு,

கணவரின் யூனிட்டையும் இடத்தையும் எழுதாமல் விட்டதற்கு முதலில் நன்றி. தயவுசெய்து இனியும் எழுத வேண்டாம், இங்கே பதில் போடுகிறவர்களும் கேட்க வேண்டாம்.

நான் கிளார்க் ட்ரேடில் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன். ஜவான்களின் கல்விப்படி விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் என் மேசை வழியாகத்தான் போயின. எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டையை மிலிட்டரிப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். அங்கே திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் கேட்கிற கேள்வி நீங்கள் கேட்பதுதான். எந்த ஊதியக் குழுவுக்கும் இந்தக் கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை என்பது என் வருத்தம். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு கல்விப்படி பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய். அகவிலைப்படி 50 விழுக்காடு தொட்டதால் 2024 ஜனவரி முதல் கால் பங்கு கூடி 2,812 ரூபாய் 50 காசு ஆயிற்று. ஆண்டுக்கு 33,750. மூத்த பிள்ளைகள் இருவருக்கு மட்டும், பன்னிரண்டாம் வகுப்பு வரை. விடுதியுடன் கூடிய பள்ளி என்றால் விடுதி மானியம் தனி, அதன் உச்சம் இப்போது மாதம் 8,437 ரூபாய் 50 காசு. கல்விப்படிக்கு ஒவ்வொரு ரசீதாக ஒட்டி அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளை அந்த ஆண்டு அங்கே படித்தது என்று தலைமையாசிரியர் தரும் சான்றிதழ் போதும். செலவு எவ்வளவு ஆனாலும் தொகை அதுதான். இன்னமும் சில இடங்களில் நோட்டு, சீருடை ரசீதெல்லாம் கேட்கிறார்கள். அது பழைய விதியின் பழக்கம், கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொகையைவிட எனக்கு உறுத்துவது அது வரும் காலம். முன்பு காலாண்டுக்கு ஒரு முறை கேட்க வழி இருந்தது. நடைமுறையை எளிதாக்குகிறோம் என்று ஆண்டு முடிந்த பிறகு ஒரே முறை என்று ஆக்கினார்கள். எளிதானது அலுவலகத்துக்கு. ஜூன் மாதம் கட்டிய பணத்துக்கு அடுத்த ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பம். ஃபீல்டில் இருப்பவர் லீவில் வந்து சான்றிதழ் வாங்கிப் போக வேண்டும் அல்லது நீங்கள் தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு யூனிட் அலுவலகம், பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பணி, குடும்ப விவரங்களைப் பதியும் ஆணை), கணக்கு அலுவலகம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அப்சர்வேஷன், அதாவது ஆட்சேபக் குறிப்பு, போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் யூனிட் இடம் மாறியிருக்கும். முப்பத்து மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜவான் பதினைந்து மாதம் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினைந்து மாத வட்டியைக் கட்டுவது அவன் மனைவி.

எனவே உங்கள் பக்கத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: கல்விப்படியை மாதச் சம்பளத்தோடு கொடுங்கள், சான்றிதழை ஆண்டு முடிவில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை ஏற்கெனவே நிலையானது, ரசீதைப் பொறுத்து மாறுவதில்லை. அப்படியிருக்கப் பிறகு கொடுப்பதற்கு என்ன காரணம்? சான்றிதழ் வராவிட்டால் அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். இதற்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

இரண்டாவது விஷயம் உங்கள் மகளைப் பற்றியது, கவனமாகப் படியுங்கள். ஆம், பன்னிரண்டாம் வகுப்போடு கல்விப்படி நின்றுவிடும். கல்லூரிக்கு இருப்பது பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. ஆண்டுக்கு நாடு முழுவதும் 5,500 பேருக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியர் போன்ற தொழிற்படிப்புகளுக்குத்தான் உண்டு, சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்குக் கிடையாது.

அது முன்னாள் படைவீரரின் பிள்ளைக்கு. பணியில் இருப்பவரின் பிள்ளைக்கு அல்ல. விண்ணப்பிக்க வேண்டியதும் முதலாம் ஆண்டில் சேரும்போது. உங்கள் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேருகிறாள், கணவர் இரண்டு ஆண்டு கழித்து ஓய்வு பெறுகிறார். இப்போது கேட்டால் அப்பா இன்னும் பணியில் இருக்கிறார் என்பார்கள். அப்பா வீடு திரும்பியதும் கேட்டால் பெண் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டாள் என்பார்கள். இரண்டு விதியும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சேர்ந்து நிற்கும்போது ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுப் படிப்பு நடுவில் விழுந்துவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, இருபத்தைந்தில் மணம் முடித்த ஹவில்தார், நாயப் சுபேதார் வீடுகளில் மூத்த பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயது சரியாக இந்த இடைவெளியில்தான் வருகிறது. யூனிட் நல நிதிகளில் சிறு உதவி கேட்டுப் பார்க்கலாம், கேளுங்கள். உரிமையாக வருவது எதுவும் இல்லை.

இரண்டாவது வரி: கல்விப்படியை முதல் பட்டப்படிப்பு முடியும் வரை நீட்டுங்கள். அது முடியாதென்றால், தந்தை ஓய்வு பெறும் நாளில் பிள்ளை எந்த ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாலும் மீதி ஆண்டுகளுக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி செய்யுங்கள்.

சங்கத்தார் பேசிய ராணுவச் சேவை ஊதியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. படைப் பணியின் கடினத்துக்காகச் சம்பளத்தோடு மாதந்தோறும் தனியாகத் தருவது, ஆறாவது ஊதியக் குழு கொண்டுவந்தது அது. ஏழாவதில் அதிகாரிகளுக்கு 15,500, சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை எல்லாருக்கும் 5,200. நேற்றுச் சேர்ந்த லெஃப்டினன்டுக்கு 15,500, இருபத்தெட்டு ஆண்டு பனியிலும் மணலிலும் இருந்த சுபேதார் மேஜருக்கு 5,200. ஜே.சி.ஓ.க்களுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) உயர்த்த வேண்டும் என்று ராணுவத் தலைமையே கேட்டது. 2018-இல் நிதி அமைச்சகம் மறுத்துவிட்டது. அந்தக் காயம் எனக்கும் உண்டு. இந்த முறையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்க நாடெங்கும் சங்கங்கள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற ஜெனரல்கள் இருக்கிறார்கள். உங்கள் வளையலைப் பற்றி எழுத நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் கணவரின் பார்ட் டூ ஆர்டரில் எப்படி இருக்கின்றன என்று அவரிடம் கேட்டு, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றோடும் ஒத்துப் பாருங்கள். நம் ஊரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், வடக்கே எழுதும்போது அதை விரித்துக் கடைசியில் போட்டுவிடுவார்கள். பணியில் இருக்கும்போது திருத்துவது எளிது. ஓய்வுக்குப் பிறகு அலைச்சல். தம்பியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை, ஆரணி

தேவி அம்மா, உங்கள் மகன் ஆறாம் வகுப்பை எங்கே படித்தான் என்று சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் அதனால் உயர்ந்த பிள்ளைகளை என் கண்ணால் பார்த்தேன், அதை யாரும் தொடக் கூடாது என்று நினைப்பவள் நான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுவதும் இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்பாவின் போஸ்டிங்கால் ஆறாம் வகுப்பை வடக்கே கேந்திரிய வித்யாலயாவில் படித்துவிட்டு ஏழாம் வகுப்பில் என்னிடம் வந்து சேரும் பட்டாளத்தார் பிள்ளை, மீதி ஆறு ஆண்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும் அந்த ஒதுக்கீட்டில் வர முடியாது.

அப்படி வந்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். இந்தியில் கடகடவென்று படிப்பான். தமிழில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் தடுமாறுவான். வீட்டில் பேசுகிற மொழிதான், ஆனால் எழுத்து கைக்கு வரவில்லை. மாலையில் நானே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டில் வகுப்பிலேயே நல்ல கையெழுத்து அவனுடையது ஆனது. இந்தச் சுமையைப் பணத்தால் அளக்க எந்த ஊதியக் குழுவுக்கும் தெரியாது.

இது மாநில அரசின் சட்டம் என்பதால் ஊதியக் குழு மனுவில் போட்டுப் பயனில்லை. தனி மனுவாக முதலமைச்சருக்கு எழுதுங்கள். ஜே.சி.ஓ. வரையிலானவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும், தந்தையின் பணியிட மாற்றத்தால் வெளி மாநிலத்தில் கழிந்த ஆண்டுகளை விலக்கிக் கணக்கிடுங்கள் என்று கேட்டால் போதும். அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும் கேட்டால் அந்த ஒதுக்கீட்டின் நோக்கமே கெட்டுவிடும், அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒரு வீரரின் மனைவி, குடியாத்தம்

சகோதரிக்கு வணக்கம். என் கணவர் பணியில் இறந்தவர். அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. மகனின் படிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போரிலும் நடவடிக்கைகளிலும் இறந்தவர், காணாமல் போனவர், உடல் ஊனமுற்றவர் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு முதலியவற்றை அரசு முழுமையாக ஏற்கும் என்று 1971 போர் முடிந்த உடனே, டிசம்பர் 18 அன்று மக்களவையில் அறிவித்தார்கள். 45 ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே இருந்தது. 2017-இல் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி ஓர் ஆணை வந்தது. கட்டணமும் விடுதியும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று. என் மகன் அப்போது கல்லூரியில் இருந்தான். எங்கள் கட்டணம் அந்த வரம்பைத் தாண்டியது. கல்லூரி அலுவலகத்தில் மீதியை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். அரசு கட்டும் என்று கையெழுத்துப் போட்ட காகிதம் என் பையில் இருந்தது. நான் என்ன பதில் சொல்ல?

பலர் குரல் கொடுத்தார்கள். கடற்படைத் தளபதியாக இருந்த அட்மிரல் சுனில் லாம்பாவே பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச் மாதம் வரம்பை நீக்கினார்கள். நீக்கியவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் அந்த ஆறேழு மாதம் என் மகன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் கல்லூரியில் நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாடாளுமன்றத்தில் சொன்ன வார்த்தைதானே, அதை யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். ஓர் அலுவலகக் கடிதம் போதுமானதாக இருந்தது. அதனால் உங்கள் பக்கத்தில் நான் சேர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. படிப்புக்கான எந்த உதவியாக இருந்தாலும் அதைச் சட்டமாக்கிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ஆணையாகக் கொடுத்ததை இன்னோர் ஆணையால் எடுத்துவிட முடியும்.

இன்னொரு தகவல், தெரியாதவர்களுக்காக. ஹவில்தார் வரை பதவி வகித்த முன்னாள் படைவீரர்கள், விதவைகள் போன்றோருக்குப் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து வரும் கல்வி உதவி, பிள்ளைக்கு மாதம் 1,000 ஆக இருந்தது. 2025 நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்களுக்கு 2,000 ஆகியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சான் அன்டோனியோவிலிருந்து ஒருவர்

வணக்கம். சொந்த ஊர் வாணியம்பாடி, இப்போது டெக்சாஸ். என் மகள் அமெரிக்கத் தரைப்படையில் நான்கு ஆண்டு பணியாற்றிவிட்டு வந்து இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் படிப்பு படிக்கிறாள். குடியாத்தம் சகோதரி சட்டம் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

இங்கே படைவீரர்களின் கல்வி உரிமை 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் இருபத்திரண்டு லட்சம் பேர் அதனால் கல்லூரிக்குப் போனார்கள். கறுப்பினத்தவர்களில் மிகப் பலருக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், அந்த வாசல் திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது நடப்பது 2008-இல் இயற்றிய சட்டம். மூன்று ஆண்டு முழுப் பணி செய்தால் 36 மாதப் படிப்புக்கு முழு உரிமை. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதையும் அரசு நேரே கல்லூரிக்குக் கட்டுகிறது. படிக்கும் காலத்தில் மாதாமாதம் வீட்டு வாடகைக்குத் தனிப் பணம், ஆண்டுக்கு ஆயிரம் டாலர் வரை புத்தகச் செலவு. ஆறு ஆண்டு முடித்து, மேலும் நான்கு ஆண்டு பணிபுரிய ஒப்புக்கொண்டால் அந்த உரிமையை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றித் தரலாம். என் மகள் பணத்துக்கு என்னிடம் ஒரு முறைகூட வந்து நிற்கவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தப் பணத்தைக் குறிவைத்து லாப நோக்கக் கல்லூரிகள் பெருகின. அப்படிப்பட்ட கல்லூரிகள் தங்கள் வருமானத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் அரசின் மாணவர் உதவியிலிருந்து பெறக் கூடாது என்று விதி இருந்தது. படைவீரர் கல்விப் பணம் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே வீரர்களைத் தேடித் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். மதிப்பில்லாத சான்றிதழோடு உரிமையைத் தீர்த்துவிட்டு நின்றவர்கள் ஏராளம். அந்த ஓட்டையை அடைக்கச் சட்டம் வந்தது 2021-இல்தான். நீங்கள் கேட்கும்போதே இதற்கும் சேர்த்து யோசியுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார், கணியம்பாடி

வாணியம்பாடி நண்பரின் எச்சரிக்கை பொன்னானது. நம் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் காலியாகக் கிடக்கும் கல்லூரிகளை நினைத்துப் பார்த்தேன். அக்னிவீரர்களுக்கு நாளை படிப்புப் பணம் என்று அறிவித்தால் முதல் விளம்பரப் பலகை அங்கிருந்துதான் எழும். ஆகவே அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் இடம் கேட்போம், கட்டணம் நேரே அங்கே போகட்டும்.

தங்கை, உங்கள் தம்பிக்கு இப்போது. அவனுடைய ஊதியக் கணக்கை அவன் அறிவான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் ஆண்டு மாதம் 30,000, நான்காம் ஆண்டு 40,000. அதில் முப்பது விழுக்காடு பிடித்தம், அதற்கு ஈடாக அரசு அதே தொகையைப் போடுகிறது. நான்கு ஆண்டில் இரண்டும் சேர்ந்து சேவா நிதி என்ற பெயரில் 10.04 லட்சம், வட்டியுடன் சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கையில் வரும். அகவிலைப்படியும் ராணுவச் சேவை ஊதியமும் கிடையாது. ஓய்வூதியம், பணிக்கொடை கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, எனவே நான் மேலே சொன்ன பிரதமர் உதவித்தொகை அவன் பிள்ளைகளுக்கு நாளை வராது. நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்வது நான்கில் ஒருவர் வரை.

பதினோரு லட்சத்தில் படித்துக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வார்கள். நம் வீடுகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பணம் வங்கியில் விழும் முன்பே தங்கையின் திருமணமும் வீட்டுக் கடனும் அதற்குக் கணக்கு எழுதி வைத்திருக்கும். அதில் தவறும் இல்லை, பெரிய பிள்ளையின் சம்பாத்தியம் அப்படித்தான் செலவாகும். அதனால்தான் படிப்புக்கான உரிமை அந்தத் தொகையிலிருந்து தனியாக, வேறு எதற்கும் மாற்ற முடியாததாக இருக்க வேண்டும் என்கிறேன். இருபத்திரண்டு வயதில் வெளியே வருகிறவனுக்கு நாற்பது ஆண்டு உழைக்கும் காலம் மீதி இருக்கிறது.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினைந்து ஆண்டு பணி செய்தவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்கு நிகராக எடுத்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டில் வருகிறவனுக்கு அந்த ஏணி இல்லை. அவனுக்கென்று இருப்பது இக்னோ என்ற மத்தியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம். அதில் பாதி கிரெடிட் புள்ளிகள் படையில் பெற்ற பயிற்சிக்கே கிடைக்கும். ஓராண்டில் நின்றால் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு நிலை. இவை நல்ல ஏற்பாடுகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிரைவர், ரேடியோ, மெக்கானிக் வேலை தெரிந்த பையனுக்கு வேண்டியது பாலிடெக்னிக்கோ பி.இ.யோ, ஆய்வகமும் பட்டறையும் உள்ள கல்லூரி. அஞ்சல் வழியில் அது வராது.

தம்பியிடம் இரண்டு செய்யச் சொல்லுங்கள். படையில் முடித்த ஒவ்வொரு கோர்ஸின் சான்றிதழையும் வெளியே வரும் முன்பே கையில் வாங்கிக்கொள்ளட்டும், பிறகு எழுதிக் கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். இக்னோ பதிவு ஆகியிருக்கிறதா, எத்தனை புள்ளிகள் ஏறியிருக்கின்றன என்று யூனிட் கிளார்க்கிடம் போய் நேரில் பார்க்கட்டும். கூச்சப்பட வேண்டாம். கேட்கிற பையனின் காகிதத்தைத்தான் கிளார்க் முதலில் எடுப்பான், நான் அப்படித்தான் செய்தேன்.

ஒன்று நினைவிருக்கட்டும். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான குழுவுக்கு 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள், 2025 நவம்பரிலிருந்து அது ஓடுகிறது. மனுவை இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். சட்டமாக்குவது குழுவின் கையில் இல்லை, பரிந்துரைக்க முடியும். அதனால் ஒரு படி நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகட்டும்.

தேவி, போளூர்

சுபேதார் ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் குடியாத்தம் அக்காவுக்கும் வாணியம்பாடி அண்ணனுக்கும் நன்றி. அக்கா எழுதியதைக் கணவருக்குப் போனில் படித்துக் காட்டினேன், அவர் நெடுநேரம் பேசவில்லை.

ஆசிரியை அம்மா, என் மகன் ஆறாம் வகுப்பைப் பதான்கோட்டில்தான் படித்தான். நீங்கள் சொன்ன மனுவையும் எழுதுகிறேன். ஜே.சி.ஓ. வரை மட்டும் என்ற வரியை நீங்கள் சொன்னபடியே போடுகிறேன்.

பார்ட் டூ ஆர்டரைக் கேட்டுப் பார்த்ததில் மகளின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது. இந்த மாதமே திருத்த விண்ணப்பம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊதியக் குழுவுக்கான பக்கத்தில் நான்கு பத்தி எழுதியிருக்கிறேன். கல்விப்படி சம்பளத்தோடு மாதாமாதம் வர வேண்டும். முதல் பட்டம் வரை அது நீள வேண்டும், தந்தை பணியில் இருந்தாலும் ஓய்வு பெற்றாலும் பிள்ளையின் படிப்பு நடுவில் விடுபடக் கூடாது. அக்னிவீரருக்குச் சேவா நிதியைத் தொடாத தனிக் கல்வி உரிமை, அரசுக் கல்லூரியில் இடத்தோடு. இவை எல்லாமே சட்டமாக வேண்டும். கடைசிப் பத்தியில் 2017-இல் நடந்ததை எழுதியிருக்கிறேன், அக்காவின் பெயரோ ஊரோ இல்லாமல்.

ஒரு குறை. உதவித்தொகைக்கு முதலாம் ஆண்டில்தான் கேட்க வேண்டும் என்ற விதியால் விடுபட்ட குடும்பம் என்று என் வீட்டை மட்டும் காட்டினால் போதாது என்கிறார் செயலாளர். உங்களில் யாருடைய பிள்ளைக்காவது அப்படி நடந்திருந்தால், பிள்ளை கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, தந்தை ஓய்வு பெற்ற ஆண்டு, இந்த இரண்டை மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பெயரும் யூனிட்டும் வேண்டாம். வரும் ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் மனுவின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுவேன்.